பெயின்ட் அடித்த பிறகு வந்த காய்ச்சல்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் கார், 1965 மாடல், பிரிட்டிஷ் தயாரிப்பு. 12 வோல்ட், டைனமோ, பாசிட்டிவ் எர்த். சென்ற ஆண்டு என்ஜினை இறக்கி, பழைய பெயின்டை முழுவதும் சுரண்டி எடுத்துப் புதிதாக அடித்தோம். பார்க்க அழகாக இருக்கிறது. ஓட்ட நிம்மதி இல்லை. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. சூடேறிய பின் அணைத்துவிட்டு மீண்டும் எடுத்தால் செல்ஃப் முனகுகிறது. ஒருமுறை விடாமல் செல்ஃப் அடித்தபோது சோக் குமிழ் விரலைச் சுட்டது. பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மெதுவாகச் சிவப்பை நோக்கிப் போகிறது. பெட்ரோல் முள் சரியாகவே காட்டுகிறது. வண்டியை நிறுத்திய பின் ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் வழிகிறது. மறுநாள் வாய்வரை நிரப்புகிறேன், மறுபடியும் வழிகிறது. இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று, ரேடியேட்டரைக் கழுவியாயிற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியாயிற்று. இப்போது டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரும், என்ஜின் விசிறிக்குப் பதில் எலக்ட்ரிக் விசிறியும் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இப்போதைக்குச் செய்யாதீர்கள். இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணம் போதும்.

எனக்கு வரும் கடிதங்களில் பாதி, “வண்டி சூடாகிறது, என்ன செய்ய?” என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். நீங்கள் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: சோக் குமிழ் சுட்டது. சோக் குமிழுக்கும் மின்சாரத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது வெறும் இழுகம்பி. அது சூடாகிறது என்றால், போகக் கூடாத எதுவோ அதன் வழியே போகிறது.

செல்ஃப் மோட்டார் சுழலும்போது நூறு, நூற்றைம்பது ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்குள் போகும் அந்த மின்சாரம் திரும்பவும் பேட்டரிக்கு வந்தாக வேண்டும். உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கிறது; பாசிட்டிவ் எர்த் என்பது இதுதான். செல்ஃப் மோட்டாரோ என்ஜினில் இருக்கிறது. என்ஜின் ரப்பர் மவுன்டிங் மீது உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினையும் பாடியையும் இணைக்க, பின்னிய செம்பாலான ஒரு பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். எர்த் பட்டை என்போம். என்ஜினை இறக்கும்போது அதைக் கழற்றியிருப்பார்கள். ஏற்றியபோது மாட்ட மறந்திருக்கலாம். அல்லது, இதுதான் அடிக்கடி நடப்பது, பளபளவென்று அடித்த புதுப் பெயின்டின் மேலேயே அழகாக முடுக்கியிருப்பார்கள். பெயின்ட் மிக நல்ல இன்சுலேஷன்.

பட்டை வேலை செய்யவில்லை என்றதும் மின்சாரம் வேறு வழி தேடும். என்ஜினிலிருந்து கார்புரேட்டர், கார்புரேட்டரிலிருந்து சோக் கேபிள், அங்கிருந்து டாஷ்போர்டு வழியாகப் பாடி. ஆக்சிலரேட்டர் கம்பியும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் இந்த வேலையில் பங்கு எடுத்துக்கொள்ளும். மெல்லிய எஃகுக் கம்பியில் அவ்வளவு மின்சாரம் போனால் அது சூடாகாமல் என்ன செய்யும்? அந்தக் கம்பி முடியும் இடம் கார்புரேட்டர். அங்கே பெட்ரோல் இருக்கிறது. இதைச் சரிசெய்யும் வரை இனி ஒருபோதும் நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டாம்.

என் யூகம் சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில், அதாவது உங்கள் வண்டியில் பாசிட்டிவ் முனையில், கவ்வவையுங்கள். மறு முனையை என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், ஏதாவது ஒரு தடித்த போல்ட்டில், மாட்டுங்கள். பேட்டரிப் பக்கத்தை முதலிலும் என்ஜின் பக்கத்தைக் கடைசியிலும் மாட்டினால், பொறி பறந்தாலும் பேட்டரிக்கு அருகில் பறக்காது. கேபிள் விசிறியில் சிக்காமலும் சூடான சைலன்சர் குழாயில் படாமலும் இருக்கட்டும். வண்டி நன்றாகச் சூடேறி, செல்ஃப் முனகும் நிலையில் இதைச் செய்யுங்கள். முனகாமல் சுழன்றால் நோய் கையில் கிடைத்துவிட்டது.

சுழலவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. பலரும் மீட்டரை ஓம் நிலையில் வைத்து, கேபிளின் இரு முனைகளையும் தொட்டு, “பூஜ்யம் காட்டுகிறது, கேபிள் நன்றாக இருக்கிறது” என்று நம்பிவிடுகிறார்கள். நூறு இழை உள்ள கேபிளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அதையேதான் காட்டும். ஒற்றை இழை மீட்டருக்குப் போதும், செல்ஃப் மோட்டாருக்குப் போதாது. சுமை ஏறும்போது எங்கே வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளப்பதே சரியான சோதனை.

பிளக்குகளில் பொறி எழுப்பும் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுழல மட்டும் செய்யும். மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில் தொடுங்கள்; கிளாம்பில் அல்ல, ஈயத் தண்டிலேயே. மறு முனையை என்ஜின் இரும்பில் வைத்துக்கொண்டு ஒருவரை மூன்று நான்கு நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை இருந்தால் கவலை இல்லை. 1, 2 என்று காட்டினால் பேட்டரியின் பலம் மோட்டாருக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகிறது. பிறகு தண்டிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து என்ஜின் என்று துண்டு துண்டாக அளந்தால், எந்த இணைப்பு திருடுகிறது என்பது தெரிந்துவிடும். மறுபக்கமும் இதேபோல், பேட்டரியின் இன்னொரு தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை அளந்து பாருங்கள். அங்கே 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

காலையில் நன்றாக இருக்கும் வண்டி சூட்டில் மட்டும் ஏன் முனக வேண்டும்? செம்பு சூடானால் அதன் தடை கூடும். 60 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய கால்பங்கு கூடிவிடும். எல்லா இணைப்பும் சுத்தமாக இருக்கும் வண்டியில் அது தெரியாது. ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அந்தக் கால்பங்கே முதுகை முறித்துவிடும். செல்ஃப் மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தாலும், டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், அளவுக்கு மீறி முன்னால் இருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவை எவையும் சோக் குமிழைச் சுட வைக்காது.

இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த ஐந்தாம் ஆண்டில், இதே அறிகுறியோடு வந்த ஒரு வண்டிக்கு நான் இரண்டு முறை செல்ஃப் மோட்டாரைப் பிரித்து மாட்டினேன். மூன்றாம் முறை ஸ்பானர் எடுக்கப் போனபோது, என் கருவிப் பெட்டியின் அடியில் எண்ணெய்க் கறையோடு ஒரு செம்புப் பட்டை கிடந்தது. என்ஜினை இறக்கியபோது நானே கழற்றிப் போட்டது. உரிமையாளரிடம் அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பட்டை இருந்தால் இரு முனைகளையும் கழற்றுங்கள். பாடியில் அது உட்காரும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்படி செய்யுங்கள். புதுப் பெயின்டைச் சுரண்ட மனம் வராது. சுரண்டித்தான் ஆக வேண்டும். பல் உள்ள வாசரைப் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், துரு ஏறாது. பச்சை பூத்து, பாதி இழை அறுந்த பட்டையாக இருந்தால் புதிதே மாட்டிவிடுங்கள். பேட்டரியின் எர்த் கேபிள் பாடியைத் தொடும் இடத்துக்கும் இதே வைத்தியம். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். முடிந்த பிறகு அதையே கடைசியாக மாட்டுங்கள்.

பின்விளக்குக் கதையும் இதுதான். பிரேக் விளக்கின் மின்சாரம் விளக்குக் கூட்டின் வழியாகப் பாடிக்குப் போக வேண்டும். கூடு பெயின்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் வழி அடைபட்டு, பக்கத்திலுள்ள இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகப் பின்பக்கமாக வெளியேறப் பார்க்கிறது. அதனால்தான் அந்த மங்கல் வெளிச்சம். திருகு துளையைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டினால் போய்விடும்.

இனி உங்களைப் பயமுறுத்தும் அந்த முள்ளுக்கு வருகிறேன். ஹெட்லைட் போட்டால் தண்ணீர் சூடாகாது. முள் மட்டும் ஏறுகிறது என்றால் அது பார்ப்பது தண்ணீரை அல்ல. அந்தக் காலத்து எலக்ட்ரிக் மீட்டர்களில் முள்ளை நகர்த்துவது சூட்டில் வளையும் ஓர் ஈருலோகப் பட்டை. அதனால்தான் முள் துள்ளாமல், நீங்கள் சொன்னதுபோல் மெதுவாக ஏறுகிறது. பெட்ரோல் மீட்டருக்கும் டெம்பரேச்சர் மீட்டருக்கும் சேர்த்து, பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அளவு மாறாமல் இருக்க, டாஷ்போர்டுக்குப் பின்னால் சராசரியாக 10 வோல்ட் தரும் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். அதன் எர்த் போனால் இரண்டு முட்களும் சேர்ந்து ஏறும். உங்கள் வண்டியில் பெட்ரோல் முள் அசையவில்லை. ஆகவே ஸ்டெபிலைசர் குற்றவாளி அல்ல.

இரண்டு மீட்டருக்கும் என்ன வேறுபாடு? அளவை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் கருவியை சென்டர் (sender) என்போம். பெட்ரோல் டாங்கின் சென்டர் பாடியில் எர்த் ஆகிறது. டெம்பரேச்சர் சென்டர் என்ஜினில் எர்த் ஆகிறது. ஹெட்லைட் போட்டதும் டைனமோ கூடுதலாக மின்சாரம் தருகிறது. டைனமோவும் என்ஜினில்தான் இருக்கிறது, அந்த மின்சாரமும் மோசமான பட்டையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். அதனால் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே சிறிது வோல்டேஜ் எழுகிறது. அது டெம்பரேச்சர் மீட்டருக்கு வரும் வோல்டேஜோடு சேர்ந்துகொள்ள, முள் இல்லாத காய்ச்சலைக் காட்டுகிறது. ஜம்பர் கேபிள் மாட்டியிருக்கும்போதே ஹெட்லைட்டைப் போட்டு, என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் நான் சொல்வது சரி.

அப்படியானால் வண்டி உண்மையில் சூடாகவே இல்லையா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முள்ளை நம்பாமல் அளந்து பாருங்கள். லேசர் புள்ளி காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் வண்டி நலமாக இருக்கிறது.

தண்ணீர் வழிவதற்கு வாய்வரை நிரப்புவதே காரணமாக இருக்கக்கூடும். 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் ஏறக்குறைய மூன்றரை சதவீதம் விரியும். ஏழு லிட்டர் பிடிக்கும் என்ஜினில் அது கால் லிட்டருக்கு அருகில். தனி டப்பா இல்லாத பழைய ரேடியேட்டரில் அந்தக் கால் லிட்டருக்கு இடம் இல்லையென்றால் வழிந்து போகும். அதிலும் என்ஜினை அணைத்ததும் பம்ப்பும் விசிறியும் நின்றுவிட, இரும்பில் தங்கிய சூடு தண்ணீருக்கு ஏறும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வழிவதைப் பார்க்கிறீர்கள். இனி வாயிலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கீழே, உள்ளே தெரியும் குழாய்கள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஒரு வாரம் நிரப்பாமல் மட்டத்தை மட்டும் பாருங்கள். ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டால் அதுதான் அந்த வண்டிக்கு உரிய மட்டம். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனாலும், ஓடும் என்ஜினில் குளிர்ந்த நிலையிலேயே குமிழ் விட்டாலும் சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மூடி ஒழுங்காக அடைத்தால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பதினோரு டிகிரியும் போச்சு. அதற்காக 15 பிஎஸ்ஐ மூடியை வாங்கி மாட்டிவிடாதீர்கள். ஈயம் வைத்து ஒட்டிய பழைய ரேடியேட்டர் அதைத் தாங்காது. சூடான வண்டியில் மூடியைத் திறக்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். தண்ணீர் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் வால்வு அது. அதை எடுத்தால் வண்டி குளிரும் என்ற நம்பிக்கை எல்லாப் பட்டறைகளிலும் உயிரோடு இருக்கிறது. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழித் துளையை மூடும். அதை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். மற்ற என்ஜின்கள் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, சிலிண்டரும் எண்ணெயும் கெடும். மாட்டுமுன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள், அடியில் படாமல். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வாய் பிளக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும்போது முழுதும் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் தெர்மாமீட்டர் 100ஐத் தாண்டினால், மறுபடியும் பெயின்ட் வேலையையே சந்தேகியுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளின் மீதும் தடிமனாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்களா? அந்தப் பூச்சு காற்று போகும் வழியையும் அடைக்கும், சூட்டையும் உள்ளேயே பிடித்து வைக்கும். விசிறியைக் கழற்றி முன்பின் திருப்பி மாட்டிவிட்டார்களா? திருப்பி மாட்டினாலும் காற்றை அதே திசையில்தான் இழுக்கும், ஆகவே யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாகி, இழுக்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். குழிந்த பக்கம் என்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியிருந்தால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். தாமதமாக எரியும் பெட்ரோலின் சூடு வேலையாக மாறாமல் தண்ணீரில்தான் வந்து இறங்கும். டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஃபேன் பெல்ட்டை மறக்க வேண்டாம். உங்கள் வண்டியில் டைனமோ, விசிறி, வாட்டர் பம்ப் மூன்றையும் அந்த ஒற்றைப் பெல்ட்தான் சுழற்றுகிறது. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்க வேண்டும். பக்கங்கள் கண்ணாடி போல் மினுங்கினாலோ, பெல்ட் தேய்ந்து புல்லியின் அடியைத் தொட்டாலோ எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இந்த வகைப் பெல்ட் பக்கங்களால்தான் பிடிக்கிறது, அடியால் அல்ல.

ரேடியேட்டரைக் கழுவியதாகச் சொன்னீர்கள்; என்ஜின் பிளாக்கைக் கழுவினார்களா? என்ஜின் குளிர்ந்த பின் பிளாக்கின் பக்கத்திலுள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் சரி. ஒரு சொட்டும் வரவில்லையென்றால் உள்ளே சேறு. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் செங்கல் பொடி போன்ற குழம்பு வரும், பிறகு திடீரென்று பீய்ச்சும். அறுபது ஆண்டுத் துரு பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் போய்த் தங்கும். பின் சிலிண்டர் வேகும்போது முன்பக்கத்துச் சென்டரை நம்பும் முள் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். கழுவி முடித்த பின் உப்புத் தண்ணீர் ஊற்றாமல், காய்ச்சி வடித்த தண்ணீரில் துருத்தடுப்புக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் இனிக்கும், நாய் பூனை நக்கினால் உயிர் போய்விடும். கீழே சிந்தியதை உடனே துடையுங்கள்.

இப்போது ஆல்டர்னேட்டர் கேள்வி. எலக்ட்ரிக் விசிறி பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். உங்கள் காலத்து வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்சமே சுமார் 22 ஆம்பியர், அதுவும் வேகத்தில் போகும்போது. ஐடிலிங்கில் அது ஏறக்குறைய ஒன்றும் தராது. அப்போது டாஷ்போர்டில் சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்குவதும் ஹெட்லைட் மங்குவதும் டைனமோவின் சுபாவம், நோய் அல்ல. விசிறி மிகவும் தேவைப்படுவது நெரிசலில் நிற்கும்போது. சரியாக அப்போதுதான் அதற்குத் தீனி இருக்காது. ஆகவே விசிறி போட்டால் ஆல்டர்னேட்டரும் போட்டே ஆக வேண்டும். சாதாரண ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த்துக்கு ஆனது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால் டையோடுகள் அந்த நொடியே கருகும். வண்டியின் எர்த்தையே மாற்ற வேண்டும், காயில் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், ஆம்மீட்டரைத் திருப்ப வேண்டும், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதற்கு விடை கொடுக்க வேண்டும், சார்ஜிங் கேபிளைத் தடிமனாக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் பட்டைக்கு அடியில் அந்தப் பெயின்ட் அப்படியே இருக்கும். ஆல்டர்னேட்டர் கூடுதலாகத் தரும் மின்சாரமும் அதே மோசமான இணைப்பைத்தான் தாண்டியாக வேண்டும். முள் இன்னும் மேலே போகும்.

தினமும் இரவில் வெகுதூரம் ஓட்டுபவர் ஆல்டர்னேட்டர் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் அப்படி ஓட்டுவதாக எழுதவில்லை.

எர்த் வேலை முடிந்ததும் ஒரு சிறு சோதனை மிச்சம். குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையை உலோகத்தில் படாமல் தண்ணீரில் மட்டும் நனையுங்கள்; மறு முனை பேட்டரியின் எர்த்தில். எல்லாம் அணைந்திருக்கும்போது ஒருமுறை, விளக்குகளைப் போட்டு ஒருமுறை, செல்ஃப் அடிக்கும்போது ஒருமுறை பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் தண்ணீர் வழியாகவும் மின்சாரம் கசிகிறது என்று பொருள். ரேடியேட்டரை அது உள்ளிருந்தே அரித்துவிடும். அப்படி வந்தால் எந்த நிலையில் எவ்வளவு காட்டியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரித் தண்டுக்கும் என்ஜினுக்கும் இடையே கிடைத்த அளவையும், ஜம்பர் கேபிளோடும் கேபிள் இல்லாமலும், சேர்த்து அனுப்புங்கள்.